அமாவாசைக்கு முன் பறந்துவிட வேண்டும்... கடலோடு நாள் எண்ணும் சதுப்புச் சிட்டு!

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அமாவாசைக்கு ஒரு கறுப்பு வட்டம், பௌர்ணமிக்கு ஒரு வெள்ளை வட்டம் இருக்கும். விரதம், தர்ப்பணம், கிரிவலம் என்று அந்த வட்டங்களோடு நமக்கு வேலை உண்டு. கடலுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் அதிகம். அந்த நாள்களில் கடல் எவ்வளவு ஏறும் என்பது அவர்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

அமெரிக்காவின் அட்லான்டிக் கரையில் வாழும் ஒரு குட்டிக் குருவிக்கும் இதே கணக்குதான். கடல் ஒருமுறை பெரிதாக ஏறி வற்றிய பிறகு, அடுத்த பெரிய ஏற்றம் வருவதற்குள் அது கூடு கட்டி, முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சுகளை வளர்த்து வெளியே அனுப்பிவிட வேண்டும். கிடைப்பது ஏறக்குறைய நான்கு வாரம். தவறினால் கடல் கூட்டுக்குள்ளேயே வந்துவிடும். காலங்காலமாக இந்தக் கணக்கு மயிரிழையில் சரியாக வந்துகொண்டிருந்தது. இப்போது பிசகத் தொடங்கிவிட்டது.

அந்தக் குருவியின் பெயர் சால்ட்மார்ஷ் ஸ்பாரோ. உப்புச் சதுப்பில் வாழும் சிட்டு என்று அர்த்தம். நம் பக்கம் எட்டிப் பார்க்காத பறவை என்பதால் தமிழில் இதற்குப் பெயர் கிடையாது. வசதிக்காக இங்கே ‘சதுப்புச் சிட்டு’ என்று வைத்துக்கொள்வோம். ஆனால், சிட்டு என்றதும் நம் வீட்டு ஓட்டில் கூடு வைக்கும் சிட்டுக்குருவியின் சொந்தம் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். நம் சிட்டுக்குருவி அமெரிக்காவுக்குப் போனதே 1850-களில்தான். நியூயார்க்கின் புரூக்ளினில் மனிதர்கள் கொண்டுபோய் விட்டார்கள். அது ஊர் ஊராகப் பரவி, கண்டம் முழுக்கக் குடியேறிவிட்டது. சதுப்புச் சிட்டோ அந்த மண்ணின் பூர்வகுடி. ஆனாலும் கடலோரத்தில் ஒரு மெல்லிய கோட்டைத் தாண்டி உள்ளே போனதே இல்லை!

எடை சுமார் 20 கிராம். மூன்று பத்து ரூபாய் நாணயங்களை உள்ளங்கையில் வைத்தால் அவைதான் கனமாக இருக்கும். முகத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு முக்கோணம், அதன் நடுவில் சாம்பல் நிறக் கன்னம், மார்பில் கோடு கோடாகப் பென்சிலால் கீறியதுபோன்ற வரிகள், கூரான வால் இறகுகள். விலங்கியலாளர் கமெலின் 1788-ல் இதை முதன்முதலில் விவரித்தபோது, அந்த வாலைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார். நீண்ட காலம் ‘கூர்வால் சிட்டு’ என்ற ஒரே பெயரில் இரண்டு பறவைகளைச் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். 1995-ல்தான் இது தனி இனம், நெல்சன் ஸ்பாரோ தனி இனம் என்று பிரித்தார்கள்.

பாட்டுப் பறவைகளின் வரிசையில் இது வந்தாலும், கச்சேரிக்கு ஆகாது. ஆண் பறவையின் பாட்டு, யாரோ காதருகே ‘உஸ்ஸ்’ என்று கிசுகிசுப்பது போலத்தான் இருக்கும். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் அதுவும் கேட்காது. ஆளைக் கண்டால் பறப்பதைவிட, புல்லுக்குள் சுண்டெலிபோல ஓடி ஒளியவே பார்க்கும்.

ஒரு முழம் உயரத்தில் இரண்டு உலகங்கள்

இந்தச் சிட்டு குஞ்சு பொரிப்பது, வடக்கே மேய்ன் மாநிலம் தொடங்கி தெற்கே வர்ஜீனியா வரையிலான கடலோரச் சதுப்புகளில் மட்டும்தான். உலகில் வேறெங்கும் கிடையாது. குளிர்காலம் வந்தால் தெற்கே இறங்கி கரோலினா, ஜார்ஜியா, ஃபுளோரிடா சதுப்புகளில் தங்கும். வரைபடத்தில் பார்த்தால் நீளமான பயணம்தான். ஆனால், எந்த இடத்திலும் உப்புத் தண்ணீர் தொடும் புல்வெளியைவிட்டு விலகாது. ஆண்டு முழுக்கக் கடலோரச் சதுப்பை நம்பியே வாழும் பாட்டுப் பறவைகள் உலகில் மிகக் குறைவு.

உப்புச் சதுப்பு என்றால் பிச்சாவரம் மாதிரி மரங்கள் நிற்கும் இடம் என்று தோன்றலாம். அலையாத்தி மரங்களுக்குக் கடும் பனி ஆகாது. அதனால் அந்தக் குளிர்ப் பிரதேசத்தில் அவற்றின் வேலையைப் புற்கள் செய்கின்றன. கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். அன்றாடம் நனையும் தாழ்வான பகுதியில் உயரமான, முரட்டுத்தனமான ஒருவகைக் கோரைப்புல் வளரும். அதற்குக் கொஞ்சம் மேலே, மாதத்தில் சில நாள்கள் மட்டும் கடல் எட்டிப்பார்க்கும் மேட்டுச் சதுப்பு. இங்கே மெல்லிய, குட்டையான வேறொரு புல். ‘உப்பு வைக்கோல்’ என்று அமெரிக்கர்கள் அழைப்பது இதைத்தான். இந்தப் புல் நிமிர்ந்து நிற்காது. தலையில் சுழி விழுந்த முடிபோல வட்டம் வட்டமாகச் சாய்ந்து படுத்திருக்கும்.

தாழ்வுக்கும் மேட்டுக்கும் உயர வித்தியாசம் பல இடங்களில் ஒரு முழம்கூடத் தேறாது. அந்தச் சிறிய வித்தியாசத்தில்தான் சதுப்புச் சிட்டின் வாழ்க்கை இருக்கிறது. மேட்டுச் சதுப்பின் சாய்ந்த புல்லுக்கடியில்தான் அது கூடு வைக்கும்.

அந்தப் புல்லுக்கு மனிதர்களோடும் பழைய உறவு உண்டு. 1600-களில் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள், விதைக்காமல், உரம் போடாமல் கிடைத்த இந்தப் புல்லை வெட்டித்தான் மாடுகளை வளர்த்தார்கள். ஈரத்தில் மக்காமலிருக்க, சதுப்பில் மரக்கட்டைகளை ஊன்றி அவற்றின் மேல் வைக்கோல்போரை அடுக்கினார்கள். 19-ம் நூற்றாண்டு ஓவியர் மார்ட்டின் ஜான்சன் ஹீட் இந்த வைக்கோல்போர்க் காட்சிகளை மட்டும் நூற்றுக்கும் மேல் வரைந்து தள்ளியிருக்கிறார். அந்தப் போர்களின் நிழலில் இந்தச் சிட்டும் எங்கோ ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

மெனுவில் என்ன?

சிட்டு என்றால் தானியம் கொத்தும் பறவை என்பது நம் மனதில் பதிந்த படம். சதுப்புச் சிட்டு கோடைக்காலத்தில் கிட்டத்தட்ட முழு அசைவம். ஈக்களின் புழுக்கள், அந்துப்பூச்சிகள், இலைத்தத்துப்பூச்சிகள், வெட்டுக்கிளிகள், சிலந்திகள் என்று புல்லில் கிடைப்பதெல்லாம் உணவு. அதோடு மண்துள்ளிகள் எனப்படும், இறாலின் தூரத்துச் சொந்தமான குட்டி உயிரினங்களையும் விடாது. வாய்க்கால் ஓரச் சேற்றில் அலகைக் குத்திப் புழுக்களை எடுக்கும். சிறு நத்தைகளையும் விழுங்கும்.

கடல் ஏறும்போது காய்ந்த புல்லையும் குப்பையையும் கரையோரமாக ஒதுக்கிவிட்டுப் போகும் அல்லவா? அந்தக் குப்பை வரிசை இந்தப் பறவைக்கு ஒரு கையேந்தி பவன் மாதிரி. அடியில் ஈரம், அதற்குள் புழு பூச்சிகள். அதைக் கிளறிக்கொண்டே நடக்கும். குளிர்காலத்தில் பூச்சி குறைந்தால், அதே சதுப்புப் புற்களின் விதைகளுக்கு மாறிக்கொள்ளும்.

கூட்டைத் தேடி வந்து மூழ்கடிக்கும் கடல்தான் இந்தச் சாப்பாட்டையும் போடுகிறது என்பது இதில் கவனிக்க வேண்டிய விஷயம். உப்புத் தண்ணீர் வந்து போகாவிட்டால் இந்தப் புல் இல்லை. புல் இல்லாவிட்டால் இந்தப் புழு இல்லை. கடலைவிட்டு நகர்ந்து பத்திரமாக இருக்கலாமே என்று இந்தச் சிட்டுக்கு யோசனை சொல்ல முடியாததற்குக் காரணம் அதுதான்.

கடல் தரும் சாப்பாட்டில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. ஆலைகளும் நிலக்கரி எரிப்பும் காற்றில் கலக்கும் பாதரசம் சதுப்புச் சேற்றில் தங்கி, பூச்சிகள் வழியாகப் பறவைக்குள் வருகிறது. சில சதுப்புகளில் பிடித்துச் சோதித்த சிட்டுகளின் ரத்தத்தில் பாதரசம் அதிகமாகவே இருந்தது.

அப்பா பொறுப்பு... ஜீரோ!

மே மாதக் கடைசியில் சதுப்பில் குடும்ப வேலைகள் தொடங்கும். ‘குடும்பம்’ என்ற சொல்லை இங்கே கொஞ்சம் தயக்கத்தோடுதான் பயன்படுத்த வேண்டும். பெரும்பாலான பாட்டுப் பறவைகளில் ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து, எல்லை பிரித்து, குஞ்சுக்கு மாறி மாறி இரை கொடுப்பார்கள். சதுப்புச் சிட்டில் ஜோடியும் இல்லை, எல்லையும் இல்லை. ஆண் பறவைகள் சதுப்பு முழுக்கத் திரிந்துகொண்டே இருக்கும். கூடு கட்டுவது, அடைகாப்பது, இரை தேடுவது, பாம்பு வந்தால் பதறுவது எல்லாமே அம்மாதான்.

கனெக்டிகட் மாநிலச் சதுப்புகளில் ஆய்வாளர்கள் குஞ்சுகளின் மரபணுவைச் சோதித்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய எல்லாக் கூடுகளிலும் ஒன்றுக்கு மேற்பட்ட அப்பாக்கள்! ஒரே கூட்டில் பிறந்த ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்தனி அப்பா இருந்த கூடுகளும் உண்டு. பறவை உலகில் இந்த அளவுக்குக் கலப்பு மிக அரிது.

அம்மாவின் வேலைநேரம் இப்படி. காய்ந்த புல்லைப் பின்னி ஒரு சின்னக் கிண்ணம் செய்ய இரண்டு மூன்று நாள். தினம் ஒன்றாக மூன்று முதல் ஐந்து முட்டைகள். அடைகாப்பது 11 அல்லது 12 நாள். கண் திறக்காமல், மேலே ஒரு இறகுகூட இல்லாமல் பிறக்கும் குஞ்சுகள் கூட்டைவிட்டு இறங்க இன்னும் சுமார் பத்து நாள். ஆக, முதல் முட்டையிலிருந்து கூடு காலியாகும் வரை 23 முதல் 26 நாள். இறங்கிய பிறகும் குஞ்சுக்கு உடனே பறக்கத் தெரியாது. புல்லுக்குள் ஒளிந்தபடி இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் அம்மாவின் பின்னாலேயே வாய் பிளந்துகொண்டு திரியும்.

இப்போது கடலின் வேலைநேரத்தைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி இரண்டிலும் சூரியனின் இழுப்பும் நிலாவின் இழுப்பும் சேர்ந்துகொள்வதால் கடல் வழக்கத்தைவிட அதிகம் ஏறும். நிலா பூமிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, இந்த இரண்டில் ஒன்று மற்றதைவிடப் பெரிதாக இருக்கும். நியூ இங்கிலாந்து சதுப்புகளில் கூடுகளை அதிகம் அழித்ததாக ஆய்வுகளில் பதிவானது அமாவாசை ஏற்றம். ஒரு பெரிய ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறக்குறைய நான்கு வாரம். கூட்டுக்குத் தேவை 26 நாள் வரை. அதற்கு முன்பு கட்டுமான வேலை வேறு. ஒரு நாள் சோம்பியிருந்தாலும் கணக்கு உதைக்கும்.

அப்படியென்றால் இந்தக் குருவி நிலாவைப் பார்த்துத் தேதி குறிக்கிறதா? அதற்கு அவசியமே இல்லை. கடல்தான் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறது. பெரிய ஏற்றத்தில் ஒரு சதுப்பின் பெரும்பாலான கூடுகள் ஒரே இரவில் போய்விடும். போனவுடன் அம்மாக்கள் அழுதுகொண்டிருப்பதில்லை. இரண்டு மூன்று நாளுக்குள் புதுக் கூட்டைத் தொடங்கிவிடுகிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்குவதால், எல்லோருக்கும் முழு நான்கு வாரம் கிடைக்கிறது. முதல் கூடு கடலுக்கு, இரண்டாவது கூடு நமக்கு என்பது மாதிரி ஒரு ஒப்பந்தம். இதே சதுப்புகளில் வாழும் நெல்சன் ஸ்பாரோ இந்த அளவுக்குக் கடலோடு தாளம் தப்பாமல் போவதில்லை.

தண்ணீர் ஏறும் இரவு

கோடையில் அந்தக் கரையில் மிகப்பெரிய ஏற்றங்கள் பெரும்பாலும் இரவில்தான் வருகின்றன. முதலில் வாய்க்கால் நிரம்பும். பிறகு புல்லின் வேர்களுக்கிடையே சத்தமில்லாமல் தண்ணீர் பரவும். கூடு இருப்பது தரையிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் உயரத்தில். அதாவது, ஒரு பேனாவின் நீளத்தைவிடக் குறைவு.

முட்டையாக இருந்தால் பிழைக்க ஒரு வாய்ப்பு உண்டு. முட்டை மிதக்கும். கொஞ்ச நேரம் நனைந்தாலும் உள்ளே உயிர் இருக்கும். ஆனால், மிதந்து கூட்டுக்கு வெளியே போய்விட்டால் கதை முடிந்தது. பல அம்மாக்கள் கூட்டுக்கு மேல் புல்லை இழுத்து அரைக்கூரை போல வளைத்துவிடுகின்றன. எதிரியின் கண்ணிலிருந்து மறைக்க அது உதவுகிறது. மிதக்கும் முட்டை வெளியேறாமல் தடுக்கவும் உதவுகிறது.

ஒரு வார வயதைத் தாண்டிய குஞ்சுகளுக்கும் வழி உண்டு. தண்ணீர் ஏற ஏற, புல் தண்டைக் காலால் பற்றிக்கொண்டு மேலே ஏறும். தண்ணீர் வற்றும் வரை அப்படியே தொற்றிக்கொண்டிருக்கும். நடுவில் மாட்டிக்கொள்வது இரண்டுக்கும் இடைப்பட்டவைதான். பொரிந்து சில நாள்களே ஆன குஞ்சுக்கு மிதக்கவும் தெரியாது, ஏறவும் முடியாது.

‘கூட்டை இன்னும் கொஞ்சம் மேலே கட்டினால் என்ன?’ என்று கேட்கத் தோன்றும். ஆய்வாளர்களும் இதே கேள்வியைக் கேட்டு, நூற்றுக்கணக்கான கூடுகளை அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்தப் புல்லே குட்டை. அதிலும் சாய்ந்து கிடப்பது. மேலே போகப் போகக் கூட்டை மறைக்கப் புல் இருக்காது. வேட்டையாடிகளின் கண்ணில் பட்டுவிடும். கீழே கடல், மேலே எதிரி. நடுவில் இருக்கும் சில சென்டிமீட்டர்தான் அந்த அம்மாவுக்கு எழுதிவைத்த இடம்.

100-ல் 27

இந்தப் பறவைகள் குறைவது கண்ணில் படச் சில காலம் பிடித்தது. மேய்ன் முதல் வர்ஜீனியா வரை சதுப்புகளில் நடந்த கணக்கெடுப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, 1998 முதல் 2012 வரை இவற்றின் எண்ணிக்கை ஆண்டுக்குச் சுமார் 9 சதவிகிதம் சரிந்திருப்பது தெரிந்தது. 9 சதவிகிதம் கேட்கச் சின்னதாகத் தெரியலாம். கூட்டுவட்டி கட்டிய குடும்பங்களுக்கு இது எளிதில் புரியும். 100 பறவைகள் இருந்த இடத்தில் 14 ஆண்டுகள் கழித்து மிஞ்சுவது 27 மட்டுமே. 2011, 2012 ஆண்டுகளில் எடுத்த விரிவான கணக்கெடுப்பின்படி மொத்தமே 50,000 முதல் 60,000 பறவைகள்தான் இருந்தன. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இது இப்போது ‘அழியும் ஆபத்தில் உள்ள இனம்’. இப்படியே போனால் இந்த நூற்றாண்டின் நடுவிலேயே இனம் முடிந்துவிடலாம் என்று கணிப்புகள் சொல்கின்றன.

முதல் காரணம், கடல் மட்டம். பாஸ்டன் துறைமுகத்தின் அளவுகோல் கடந்த நூறு ஆண்டுகளில் கிட்டத்தட்ட ஓர் அடி உயர்வைக் காட்டுகிறது. ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டாலும் 30 ஆண்டுகளில் 9 சென்டிமீட்டர். கூட்டின் உயரம் 10 சென்டிமீட்டர் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

நியாயமாகப் பார்த்தால் சதுப்பும் சும்மா இருக்காது. கடல் கொண்டுவரும் வண்டலைப் பிடித்து, மக்கிய வேர்களைச் சேர்த்து, கடலோடு சேர்ந்து தானும் உயரும். பல ஆயிரம் ஆண்டுகளாகச் சதுப்புகள் பிழைத்தது அப்படித்தான். பல இடங்களில் அந்த வேலையை மனிதர்கள் கெடுத்துவிட்டார்கள். சாலையும் ரயில் பாதையும் சதுப்பின் குறுக்கே போட்டு, தண்ணீர் போகச் சின்னதாக ஒரு குழாய்ப் பாலம் வைத்தார்கள். அந்தப் பக்கத்துச் சதுப்புக்கு வண்டல் சரியாகப் போய்ச் சேரவில்லை.

இன்னொன்று, கொசு. 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டியிருந்தது. கொசுவையும் ஒழிக்க வேண்டியிருந்தது. சதுப்பில் நேர்கோடு நேர்கோடாகக் கால்வாய் வெட்டினார்கள். 1938-க்குள் மேய்ன் முதல் வர்ஜீனியா வரையிலான கடலோரச் சதுப்புகளில் சுமார் 90 சதவிகிதம் இப்படிக் கீறப்பட்டுவிட்டது. சிட்டு வாழும் அதே மேய்ன், அதே வர்ஜீனியா! நீர் வடிந்த இடங்களில் மண் சுருங்கித் தாழ்ந்தது. வெட்டிய மண்ணை ஓரத்தில் குவித்த இடங்களில் நடுவே தண்ணீர் தேங்கிப் புல் அழுகியது. செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் இன்றும் அந்தக் கோடுகள் சீப்பால் வாரியதுபோலத் தெரியும்.

கடல் ஏறினால் சதுப்பு கரைப்பக்கம் நகர்ந்துகொள்ள வேண்டியதுதானே? அங்கே வீடு, புல்தரை, மதில் சுவர், வாகன நிறுத்தம். காலியிடம் இருந்தாலும் சிக்கல்தான். மேரிலாந்தின் செசபீக் விரிகுடாப் பக்கம் உப்புத் தண்ணீர் காட்டுக்குள் புகுந்து மரங்கள் நின்ற நிலையிலேயே செத்து வெளுத்திருக்கின்றன. ‘பேய்க் காடு’ என்றே அதற்குப் பெயர். அந்த மொட்டை மரங்கள் விழுந்து, மேட்டுப் புல் பரவி, சிட்டு குடிவரப் பல ஆண்டுகள் பிடிக்கும். திறந்த புல்வெளிப் பறவையான இது, மரங்கள் நிற்கும் ஓரத்தைப் பொதுவாகத் தவிர்த்துவிடும். அதற்குள் கடல்பக்கச் சதுப்பு போய்விட்டால்?

டிஸ்னி வேர்ல்டில் இறந்த கடைசிச் சிட்டு

இப்படியெல்லாம் ஓர் இனம் போய்விடுமா என்று சந்தேகம் இருப்பவர்களுக்காக, இதன் நெருங்கிய சொந்தத்தின் கதை ஒன்று உண்டு. ஃபுளோரிடாவின் மெரிட் தீவிலும் செயின்ட் ஜான்ஸ் ஆற்றுச் சதுப்பிலும் மட்டும் வாழ்ந்தது டஸ்கி சீசைடு ஸ்பாரோ என்ற கருநிறச் சிட்டு. 1940-களில் கொசுவுக்காக டிடிடி தெளித்தார்கள். பிறகு அந்தத் தீவில் கென்னடி விண்வெளி மையம் வந்தது. கொசுவைக் கட்டுப்படுத்த, சதுப்பைச் சுற்றிக் கரை கட்டித் தண்ணீர் தேக்கினார்கள். கொசு குறைந்தது, கூடவே சிட்டும் குறைந்தது. ஆற்றுப் பக்கத்தில் மிஞ்சிய இடத்தை நெடுஞ்சாலையும் நீர் வடிப்பும் தீயும் கெடுத்தன.

1975-க்குப் பிறகு ஒரு பெண் பறவையைக்கூட யாரும் பார்க்கவில்லை. கடைசியாகப் பிடித்துக் காப்பாற்றியவை எல்லாமே ஆண்கள். 1983-ல் அவற்றை டிஸ்னி வேர்ல்டின் டிஸ்கவரி தீவுக்குக் கொண்டுபோனார்கள். பக்கத்து வகைப் பெண் சிட்டுகளோடு சேர்த்து வம்சத்தைக் காக்க எடுத்த முயற்சியும் கைகூடவில்லை. காலில் ஆரஞ்சு வளையம் மாட்டியிருந்ததால் ‘ஆரஞ்ச் பேண்ட்’ என்று அழைக்கப்பட்ட கடைசி ஆண் சிட்டு, 1987 ஜூன் 17 அன்று இறந்தது. மனிதனை நிலவுக்கு அனுப்பிய இடத்துக்குப் பக்கத்தில், ஒரு புல்வெளியை விட்டுவைக்க முடியாமல் போனது.

சேற்றைத் தெளிக்கிறார்கள்

சதுப்புச் சிட்டுக்கு அந்த நிலை வராமலிருக்கச் சில வேலைகள் நடக்கின்றன. கேட்டால் ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும் அளவுக்கு எளிமையானவை.

ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நேரோ ரிவர் பகுதியில், ஆற்றைத் தூர்வாரி எடுத்த மண்ணைச் சதுப்பின் மேல் மெல்லிய படலமாகப் பரப்பினார்கள். சதுப்பைச் சில அங்குலம் தூக்கிவிடுவதுதான் நோக்கம். முதல் ஆண்டில் பார்க்க மைதானம்போல வெறிச்சென்று இருக்கும். புல் மறுபடி மூடச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை சிட்டு அங்கே வராது.

தண்ணீர் தேங்கிப் புல் அழுகும் இடங்களில், ஒரு முழ அகலம்கூட இல்லாத ஆழமற்ற ஓடைகள் வெட்டி நீரை வெளியேற்றுகிறார்கள். நம் ஊர் வயலில் மழைக்குப் பிறகு மண்வெட்டியால் வடிகால் பிடித்துவிடுவது போலத்தான். மாசசூசெட்ஸின் கிரேட் மார்ஷ் பகுதியில் இதற்கு நேர்மாறான வேலை. 1930-களின் கால்வாய்களுக்குள், பக்கத்திலேயே வெட்டிய உப்பு வைக்கோலைப் போட்டுவிடுகிறார்கள். கடல் ஒவ்வொரு முறை வரும்போதும் வண்டல் அதில் சிக்கிச் சிக்கி, கால்வாய் தானாகத் தூர்ந்துவிடும். குழாய்ப் பாலங்களை அகலமாக்குவது, சதுப்புக்குப் பின்னால் இருக்கும் நிலங்களை வீடு வருவதற்கு முன்பே வாங்கிப் போடுவது என்பதும் நடக்கிறது.

இதனால் பலன் பெறுவது சிட்டு மட்டும் இல்லை. புயல் நேரத்தில் அலையின் வேகத்தை முதலில் வாங்கிக்கொள்வது இந்தப் புல்வெளிதான். மீன் குஞ்சுகளும் நண்டுகளும் வளர்வதும் இதற்குள்தான். ஆனாலும், சில அங்குல மண்ணைப் பரப்பிப் புல் வளரக் காத்திருக்கும் வேகமும், கடல் ஏறும் வேகமும் ஒன்றில்லை. எது முந்தும் என்பது சதுப்புக்குச் சதுப்பு மாறும்.

ஆகஸ்ட் வரை அந்த அம்மாக்கள் விடுவதில்லை. ஜூன் ஏற்றத்தில் கூடு போனால் மூன்றாம் நாள் அடுத்த கூடு. ஜூலையிலும் போனால் மறுபடியும் புல் பொறுக்கக் கிளம்பிவிடும். இலையுதிர் காலத்தில் பிழைத்த குஞ்சுகளும் பெரியவைகளும் தெற்கே கிளம்பும். வசந்தத்தில் திரும்பும்போது, பெரிய பறவைகளில் பல, போன ஆண்டு இருந்த அதே சதுப்பைத் தேடித்தான் வருகின்றன.